மணலில் விட்ட செருப்பு

‘நார்வே பனிமலைப் பயணம். தலைவர்: சுடலைராஜ்’ என்று வாட்ஸ்அப் குழுவின் பெயர் மாறியிருந்ததை, பணி முடிந்து மருத்துவமனைப் படியிறங்கும்போது முத்துராணி கண்டாள். கண்டவுடன் அவளுக்கு உண்டானது வியப்பன்று, சினம். அந்தக் குழுவில் அதுவரை மூவரே இருந்தனர். முத்துராணி, அவள் தம்பி பேச்சிராஜ், நார்வேயின் வடகோடியில் துரோம்சோ நகரில் செவிலியாக இருக்கும் தோழி ரெனிஷா. நான்காமவரை யார் சேர்த்தார், சேர்ந்தவர் சேர்ந்த அன்றே எவ்வாறு தலைவரானார் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

சுடலைராஜ் அவளுடைய அக்காள் தேன்மொழியின் கணவர். வண்ணார்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். பனியை ஒரே ஒரு முறை, துபாயில் ஒரு வணிக வளாகத்துக்குள்ளே, குளிரூட்டிய கூடத்தில் மிதித்தவர். சிவப்புச் சட்டை அணிந்து அந்தக் கூடத்தில் பனிச்சறுக்குப் பலகையும் கையுமாக நிற்கும் தம் படத்தையே குழுவின் முகப்பிலும் வைத்திருந்தார்.

அவர்கள் திட்டமிட்டிருந்தது ஏப்ரல் மாதத்தில் லிங்கென் மலைத்தொடரில் ஸ்பிளிட்போர்டுப் பயணம். அந்தப் பலகை நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். பிரிந்த இரண்டையும் காலுக்கொன்றாகக் கட்டிக்கொண்டு, பின்னோக்கி வழுக்காதபடி அடியில் மயிர்த்தோலை ஒட்டிக்கொண்டு மலையேற வேண்டும். உச்சியில் தோலை உரித்து, இரண்டையும் ஒன்றாகப் பூட்டி, அதன்மேல் நின்று சறுக்கி இறங்க வேண்டும். இழுத்துச் செல்லக் கம்பிவடம் இல்லை, காவலரும் இல்லை. ஏறியவர்கள் ஒருவரையொருவர் காத்துக்கொள்வதே அங்கே காவல்.

அதன் பொருளை முத்துராணி தன் உடம்பில் அறிந்தவள். அவள் துரோம்சோவில் ஆறு குளிர்காலம் ரெனிஷாவோடு ஒரே முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். பலகையேறக் கற்றதும் அங்கேதான். கடைசிக் குளிர்காலத்தில், காற்றுக் குவித்து வைத்திருந்த பனிச் சரிவு அவள் காலடியில் விரிசல் விட்டு, அவளையும் வாரிக்கொண்டு இறங்கியது. சரிந்த பனி நின்றபோது சிமென்டைப் போல் இறுகிவிட்டது. கை எங்கே, கால் எங்கே, மேல் எது, கீழ் எது என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மேலே ரெனிஷா ஓடுவதும் கூப்பிடுவதும் தெளிவாகக் கேட்டன. உள்ளிருந்து இவள் கத்தியது மட்டும் மேலே கேட்கவே இல்லை. இவள் நெஞ்சில் கட்டியிருந்த கருவியின் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு வந்து ரெனிஷா தோண்டினாள். தேடத் தெரிந்தவள் மேலே இருந்தமையால் முத்துராணி இன்று பாளையங்கோட்டையில் படியிறங்குகிறாள்.

மறுபடியும் ஏன் போகிறாய் என்று கேட்டவர்களுக்கு அவள் விடை சொன்னதில்லை. தன்னை விழுங்கிய மலைமீது நின்று, இறங்கலாமா கூடாதா என்று தானே முடிவு செய்ய வேண்டும் என்பது அவள் விருப்பம். அதைத் தம்பியிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். அவனை இரண்டு குளிர்காலம் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்கு அழைத்துச் சென்று பழக்கியதும் அதற்காகவே. ஒவ்வொரு மாலையும் இருவரும் நார்வே நிலப்படத்தைக் கணினியில் விரித்து, எந்தச் சரிவு எத்தனை செங்குத்து, எந்தத் திசைக் காற்றடித்தால் எதில் ஏறக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தீர்மானித்திருந்தனர்.

அவள் வீட்டுக்குச் செல்லவில்லை. நேரே பேட்டைக்குப் பேருந்து ஏறினாள்.

தொழிற்பேட்டையில் பேச்சிராஜின் லேத்துப் பட்டறை. அவளைக் கண்டதும் அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தான். துடைத்த பின்னும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அத்தான யாருலே குரூப்புல சேத்தது?"

"நாந்தான்க்கா."

"எதுக்கு?"

"அவியளே கேட்டாவ. கல்யாண வீட்டுல வச்சு நாலு பேரு முன்னால, ‘என்ன மாப்ள, அக்காளும் தம்பியும் நார்வே போறியளாமே, என்னைய விட்டுட்டா’ன்னு கேட்டாவ. நான் என்ன சொல்லுதது?"

"வேண்டாம்னு சொல்லுதது."

"நீ சொல்லுவியா?"

"என்கிட்டக் கேக்கலையேலே. கேட்டா நான் சொல்லிருவேன்னு தெரியும். அதான் ஒன்கிட்டக் கேட்டிருக்காவ."

பேச்சிராஜ் சிரிக்க முயன்றான். "அவிய பணங்காசுக்கு நம்மள எதிர்பாக்கலக்கா. பலகைகூட வாங்கிட்டாவளாம்."

"தேடுத கருவி?"

"அதும் வாங்கிட்டாவ. பெட்டியப் பிரிச்சுப் போட்டா அனுப்பியிருந்தாவளே."

"பிரிச்சாவ. படிச்சாவளா?"

அவன் மீண்டும் கையைத் துடைத்தான்.

"தலைவர்னு போட்டிருக்கே, அது என்னது?"

"அட்மின் ஆக்கச் சொன்னாவ, ஆக்கினேன். மத்தது அவியளாப் போட்டுக்கிட்டது."

"நாளைக்கு மலையில நின்னுக்கிட்டு, ‘மாப்ள, இங்கன எறங்குவோம்’னு சொல்லுவாவ. நீயும் சரிம்ப."

"நீ இருக்கேல்லா."

"நான் பனிக்கு அடியில கெடப்பேன்லே."

பேச்சிராஜ் தலை நிமிராமலே சொன்னான். "அப்பாவ நெனச்சுப் பாத்தியாக்கா?"

அவள் நினைத்துப் பார்க்காமல் இல்லை. தேன்மொழியின் மகளுக்குச் சீவலப்பேரியில் அம்மா வீட்டில் காதுகுத்து நடந்த அன்று, தண்ணீர் கொண்டுவந்த டிராக்டர் உள்ளே வர வழியில்லாமல் நின்றது. "மாப்ள, காரக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க" என்று அப்பா சொன்னார். அவ்வளவுதான். உறவினர் முன்னிலையில் தம்மை ஏவிவிட்டாராம். சுடலைராஜ் காரைத் தள்ளி நிறுத்தவில்லை, எடுத்துக்கொண்டே போய்விட்டார். அதன்பின் மூன்று வருடம் அவர் சீவலப்பேரி வீட்டில் கை நனைக்கவில்லை. அவர் சாப்பிடாத வீட்டுக்கு அக்காளும் வரவில்லை, வரவிடவில்லை. இடையில் அப்பா இறந்தார். துட்டி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, வாசலில் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் மனைவியையும் அழைத்துக்கொண்டு திரும்பினார். ஊரார் பேசி, அம்மா அவர் வீட்டு வாசலில் போய் நின்று அழைத்த பிறகே மீண்டும் வரத் தொடங்கினார்.

"அக்கா மறுபடி வரமாட்டா" என்றான் பேச்சிராஜ். "அம்மாவுக்கு இனிமே அந்தத் தெம்பு இல்ல."

அவன் சொன்னது உண்மை என்பதனாலேயே முத்துராணியின் சினம் இன்னும் மிகுந்தது.

அன்று மாலை ரெனிஷா தொலைபேசியில் அழைத்தாள். மணப்பாட்டில் பிறந்து கடலோரத்தில் வளர்ந்தவள். அவளும் குழுவின் புதுப் பெயரைப் பார்த்திருந்தாள்.

"ஏட்டி, யாரு அந்தச் செவப்புச் சட்ட?"

"எங்க அத்தான்."

"வரட்டும், ஒண்ணுமில்ல. குடில்ல எடம் இருக்கு. ரெண்டே கேள்விதான். நீ மண்ணுக்குள்ள போனா, சரி, பனிக்குள்ள போனா, அவரு ஒன்னைத் தேடி எடுப்பாரா?"

"தெரியல."

"நம்மள்ல ஒரு ஆளு வேண்டாம்னு சொன்னா எல்லாரும் திரும்பணும். யாரு சொன்னா, எதுக்குச் சொன்னான்னு கேக்கக்கூடாது. அது அவருக்கு ஒத்துவருமா?"

"அதுவும் தெரியல."

"அப்பம் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு. எனக்கு ஒன்னை ரெண்டாந்தடவ தோண்ட முடியாது. அன்னைக்கே என் நகம் பூராப் போச்சு."

முத்துராணி குழுவில் எழுதினாள்: ‘வரும் ஞாயிறு சீவலப்பேரி ஆற்று மணலில் தேடும் பயிற்சி. தேடிக் கண்டுபிடிக்க இயலாதவர் பயணத்துக்கு வர இயலாது.’ சுடலைராஜ் கட்டைவிரலை உயர்த்திய படமும் ‘லீடர் ரெடி’ என்ற விடையும் அனுப்பினார்.

ஞாயிறு காலை அவர் தேன்மொழியோடு வந்திறங்கினார். காரை வீட்டு வாசலை அடைத்தே நிறுத்தினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தங்கத்தாய் செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். "வாங்க மாப்ள. கோழி அடிச்சிருக்கு. செத்த இருந்து, காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இருக்கட்டும் அத்த. மொதல்ல ஒங்க மக வச்சிருக்குத பரிச்சைய எழுதி முடிச்சிருதேன்." அவர் முத்துராணியைப் பார்த்துச் சிரித்தார். "என்ன கொளுந்தியா, பாசாக்கி விட்ருவியா? இல்ல, பழைய பகைய மனசுல வச்சுப் பெயிலாக்கிருவியா?"

"தேடி எடுத்தா பாஸ் அத்தான்."

"நான் ஒங்க அக்காளையே தேடி எடுத்தவன்."

பேச்சிராஜ் உரக்கச் சிரித்தான். முத்துராணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

சிற்றாறு வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே, தண்ணீர் ஒதுங்கிய பக்கத்தில் அகலமான மணற்பரப்பு ஒன்று இருந்தது. மேட்டில் மருதமரத்தின் அடியில் தேன்மொழி அமர்ந்தாள். முத்துராணி கருவியை எடுத்து விளக்கினாள். கைக்கு அடங்கிய அந்தக் கருவி எந்நேரமும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர் தத்தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். அது அம்புக்குறியும் எண்ணும் காட்டும். எண் குறையக் குறையப் புதைந்தவர் நெருங்குகிறார் என்று பொருள். நெருங்கியதும் குனிந்து, கருவியைத் தரையோடு வைத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்து, நீண்ட கம்பியால் குத்தி இடத்தை உறுதி செய்து, பிறகு தோண்ட வேண்டும்.

"போன் பக்கத்துல இருந்தா எண்ணு தாறுமாறா ஓடும். அதனால போனை அணைச்சு அக்காட்டக் குடுத்துருங்க அத்தான்."

"சரி டீச்சர்."

முதலில் பேச்சிராஜ். அவன் முதுகைக் காட்டி நிற்க, அவள் ஒரு கருவியைப் பையில் இட்டு மணலுள் புதைத்தாள். அவன் தேடத் தொடங்கினான். ஓடவும் இல்லை, தயங்கவும் இல்லை. எண் குறைந்த இடத்தில் மண்டியிட்டு, கம்பியை இரண்டு முறை இறக்கி, மூன்றாம் முறை தட்டுப்பட்டதும் மண்வாரியை எடுத்தான். மேலே இவன் இருந்தால் போதும் என்று முத்துராணி எண்ணினாள்.

அடுத்தது சுடலைராஜ். அவர் மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். இம்முறை ஆழமாகப் புதைக்க வேண்டியிருந்தமையால் பேச்சிராஜும் உடன் நின்று குழி பறித்தான். மண்ணை மூடிச் சமன் செய்தனர். பின்பு முத்துராணி, "ம்ம், தேடுங்க" என்று கூறிவிட்டு மேட்டுக்கு ஏறினாள்.

சுடலைராஜ் புறப்பட்ட வேகம் பெரிது. கருவியை விளக்கைப் போல் முன்னே நீட்டிக்கொண்டு ஆற்றின் அந்த ஓரம்வரை சென்றார். எண் குறைந்தது, பின்பு ஏறியது, பின்பு எங்கோ தாவியது. அவர் கருவியை உதறினார், உள்ளங்கையில் தட்டினார். முத்துராணிக்கு ஐயம் உண்டாயிற்று. இடக்கையைப் பார்த்தாள். கைப்பேசி அங்கே இருந்தது. கடையில் இருக்கும் நண்பர்களுக்குக் காட்சி அழைப்பில் ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்கவே, இப்பிடித்தான் பனிக்குள்ள மாட்டுனவனத் தேடணும். நார்வேல இந்த டூட்டி எனக்குத்தான்."

"அத்தான், போன்."

"ஒரு நிமிசம் கொளுந்தியா, இவன் கேக்குதான்."

நேரம் கடந்தது. பனியின் அடியில் கிடப்பவருக்கு முதலில் கை மரக்கும், பிறகு நினைவு மங்கும் என்பதை முத்துராணி அறிவாள். இரு கையையும் கட்டிக்கொண்டு அசையாது நின்றாள்.

திடீரென்று சுடலைராஜ் கருவியைப் பார்ப்பதை விட்டார். தலை நிமிர்ந்தார். நேர்கோடாக நடந்தார். நின்ற இடத்திலேயே மண்வாரியை இறக்கினார். கம்பியால் குத்திப் பார்க்கவும் இல்லை. வாரி வாரி இறைத்ததும் பை வெளியே வந்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கைப்பேசிக்குக் காட்டினார்.

"எப்பிடி?"

பேச்சிராஜ் கைதட்டினான்.

முத்துராணி மேட்டிலிருந்து இறங்கினாள். தோண்டிய குழியின் அருகே ஒரு சோடிச் செருப்பு கிடந்தது. பட்டறைக் கறுப்பு எண்ணெய் படிந்த பழைய செருப்பு. அவள் தம்பியின் காலைப் பார்த்தாள். வெறுங்காலோடு, சுடும் மணலில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான்.

"ஒன் செருப்ப எங்கலே விட்ட?"

அவன் நிழலை நோக்கி ஓர் எட்டு நகர்ந்தான்.

"கேக்குதேன்லா. செருப்பு ஏன் இங்கன கெடக்கு?"

"குழி பறிக்கும்போது கழத்துனேன்க்கா."

"கழத்துனத எடுக்காமப் போனியா, வச்சிட்டுப் போனியா?"

சுடலைராஜ் கைப்பேசியை அணைத்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. "விடு கொளுந்தியா. வெளையாட்டுக்குத்தான. மாப்ள, ஒரு மரியாதைக்குக் கண்ணக் காட்டுனான். நான் பாத்துக்கிட்டேன்."

அவர் அதை மறைக்கக்கூட நினைக்கவில்லை. தமக்கு உரிய மரியாதை தமக்குக் கிடைத்தது என்பது போலவே சொன்னார். முத்துராணிக்கு அவர்மேல் எழுந்த சினத்தைவிடத் தம்பிமேல் எழுந்த சினம் பெரிதாயிற்று. அவர் அறியாதவர். இவன் அறிந்தவன்.

"அங்கன நான் உள்ள கெடக்கும்போது யாருலே செருப்ப விடுவா?"

"அக்கா..."

"மேல பேசுதது உள்ள கேக்கும்லே. நான் கேட்டிருக்கேன். அத்தான் போன்ல பேசுததக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். நீ கைதட்டுததையும் கேட்டுக்கிட்டே கெடப்பேன். நான் கத்துததுதான் ஒங்களுக்குக் கேக்காது."

"பொம்பளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாது" என்றார் சுடலைராஜ், தம் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே. "வா மாப்ள, கோழி ஆறுது."

இருவரும் முன்னே சென்றனர். செருப்பை எடுக்கத் திரும்பிய தம்பி, அவள் முகத்தைப் பார்த்து, எடுக்காமலே சென்றான்.

வீட்டில் சமையற்கட்டில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றில் நடந்தது அதற்குள் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"ஏட்டி, ஒரு வாரந்தான? அவிய பாட்டுக்கு ஓரமா நின்னு போட்டாப் புடிச்சிட்டு வருவாவ. நீ ஒண்ணும் பேசிராத. இப்பத்தான் இந்த வீட்டுல சாப்புட ஆரம்பிச்சிருக்காவ."

"ஓரமா நிக்குத எடம் இல்லம்மா அது."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்கு மூத்தவ வந்து போகணும்."

தேன்மொழி அடுப்பருகில் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அதுவரை பேசாதிருந்தவள், தலை தூக்காமல் கூறினாள். "எங்க கல்யாணத்துல குடத்துக்குள்ள மோதரம் போட்டு எடுக்கச் சொன்னாவல்லா. நெனவிருக்கா ராணி?"

"அத்தான்தான எடுத்தாவ."

"என் கையிலதான் இருந்தது. மொதத் தடவையே கெடச்சிட்டு. அம்மா எனக்குக் கண்ணக் காட்டுனா. தண்ணிக்குள்ளேயே விட்டுட்டேன். அவியளுக்குத் தட்டுப்படல. துழாவிக்கிட்டே இருந்தாவ. பெறவு நானே அவிய வெரலுக்குள்ள திணிச்சேன்."

"இப்ப எதுக்குட்டி அது?" என்றாள் அம்மா.

"சும்மா சொன்னேன்." அவள் உரித்த முட்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

கூடத்தில் இலை போட்டிருந்தது. சுடலைராஜும் பேச்சிராஜும் அமர்ந்திருந்தனர். கோழியில் நல்ல துண்டெல்லாம் மாப்பிள்ளையின் இலைக்குச் சென்றது. அவர் மனநிறைவோடு சோற்றைப் பிசைந்துகொண்டே பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"மாப்ள, நீங்க போட்ட பிளான நேத்துப் பாத்தேன். சப்புன்னு இருக்கு. எல்லாம் குட்டிக் குட்டி மேடு. கடலப் பாத்தாப்புல ஒரு பெரிய உச்சி இருக்குல்லா, அத எடுத்து மொத நாளே போட்டுட்டேன்."

"அது வடக்குச் சரிவு அத்தான்" என்றாள் முத்துராணி. "செங்குத்து. காத்தடிச்ச மறுநாள் அதுல காலு வைக்கக்கூடாது."

"காத்துன்னு பாத்தா வீட்டுலதான் இருக்கணும்."

"வேண்டாம்னு தோணுனாத் திரும்பணும். யாருக்குத் தோணுனாலும். அதான் அங்கன சட்டம்."

"அம்புட்டுத் தூரம் பிளேன் ஏறிப் போயிட்டு, ஒருத்திக்குத் தோணுதுன்னு திரும்புவாவளாக்கும்? என்னைய வச்சுக்கிட்டு அந்தப் பேச்செல்லாம் கெடையாது." அவர் முட்டையை இரண்டாகப் பிட்டார். "மாப்ள, நீ சொல்லு. நான் ஏறுவோம்னு சொன்னா நீ ஏறுவியா, மாட்டியா?"

எல்லாரும் பேச்சிராஜைப் பார்த்தனர். அம்மா கரண்டியும் கையுமாக நிலையருகே நின்றாள். அவளுடைய கண், பல வருடத்துக்கு முன் ஒரு குடத்தின் அருகே எப்படிப் பேசியிருக்குமோ அப்படியே பேசிக்கொண்டிருந்தது. பேச்சிராஜ் இலையில் சோற்றை ஒதுக்கினான், மறுபடி சேர்த்தான், மறுபடி ஒதுக்கினான்.

முத்துராணி காத்திருந்தாள். ஆம் என்றாலும் அவள் பொறுத்திருக்கக்கூடும், சண்டையிட்டிருக்கக்கூடும். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. மலைமீதும் இவன் இப்படித்தான் நிற்பான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"அத்தான், நீங்க வரவேண்டாம்" என்றாள். குரல் உயரவில்லை. "ஒங்களுக்குத் தேடத் தெரியல. கத்துக்கிடவும் மாட்டிய. ஏலே, நீயும் வரவேண்டாம். ஒனக்குத் தெரியும், ஆனா நீ தேடமாட்ட. அவிய மொகத்தப் பாத்துக்கிட்டு நிப்ப. நானும் ரெனிஷாவும் போயிக்கிடுதோம்."

சுடலைராஜின் கை இலையில் நின்றது. அவர் மாமியாரைப் பார்த்தார். "கேட்டியளா அத்த? கூப்புட்டு வச்சுச் சோத்தப் போட்டு, வராதன்னு சொல்லுதா."

"மாப்ள, அவ சின்னப்புள்ள..."

"முப்பத்தஞ்சு வயசுச் சின்னப்புள்ள." அவர் இலையை மடிக்காமல் எழுந்தார். முற்றத்துக் குழாயில் கையை அலம்பினார். "தேனு, கெளம்பு."

தேன்மொழி கிளம்பவில்லை. கையிலிருந்த முட்டைத் தட்டைக் கீழே வைத்தாள். கணவர் எழுந்த இடத்தில் அமர்ந்தாள். அவர் பிசைந்து வைத்த சோற்றை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

"கெளம்புன்னு சொன்னேன்."

"பசிக்கி. சாப்புட்டுட்டு பஸ்ல வாரேன்."

கணவன் இலையில் மனைவி உண்பதைக் குற்றம் சொல்ல அவருக்கு வழியில்லை. சிறிது நேரம் வாசலில் நின்றார். பின்பு காரின் கதவை அறைந்து சாத்தும் ஓசை கேட்டது. அம்மா கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் முத்துராணியோடு அன்று முழுதும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை.

முத்துராணி குழுவிலிருந்து விலகினாள். ரெனிஷாவுக்குத் தனியே எழுதினாள்: ‘நாம் இருவர் மட்டும்.’ ரெனிஷா, ‘தம்பியுமா இல்லை?’ என்று கேட்டாள். ‘தம்பியும் இல்லை.’ அதை வருத்தத்தால் எழுதவில்லை, அப்போதும் சினத்தாலேயே எழுதினாள். இரண்டு குளிர்காலம் பனியில் விழுந்தும் எழுந்தும் அவனுக்குச் சொல்லித் தந்தது அத்தனையும் ஒரு சோடிச் செருப்பில் போய்விட்டது.

பேச்சிராஜ் பல முறை அழைத்தான். அவள் எடுக்கவில்லை. ஒரு முறை மருத்துவமனை வாசலில் வந்து நின்றான். அவள் வேறு வழியாகச் சென்றாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், வார்டில் இருக்கும்போது, தேன்மொழி அழைத்தாள். குரலில் ஒரு புதிய விரைவு இருந்தது.

"ஏட்டி, ஒன் தம்பி செஞ்ச காரியம் தெரியுமா?"

"தெரிய வேண்டாம்க்கா."

"கேளு. இன்னைக்குக் கடைக்கு வந்திருக்கான். கடைக்குள்ள ஆளு நெறைய. கொத்தனார்மாரு, வீடு கட்டுதவிய. ஒங்க அத்தான் கல்லாவுல இருந்திருக்காவ. ‘வா மாப்ள, நீ தன்னால வருவன்னு தெரியும்’னாவளாம். அவன் நின்னுக்கிட்டே சொல்லியிருக்கான். ‘அத்தான், அன்னைக்குச் செருப்ப நாந்தான் வச்சேன். ஒங்களுக்குத் தேடத் தெரியாது. அந்த உச்சிக்கு நீங்க ஏறச் சொன்னா நான் ஏறமாட்டேன்.’ அம்புட்டுத்தான். கடையில வேலை பாக்குத புள்ள எனக்குப் போன் பண்ணிச் சொன்னா."

முத்துராணி சுவரில் சாய்ந்தாள். "அத்தான் என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லலியாம். மொகம் செத்துப் போச்சாம். அவன் எறங்கிப் போன பெறவு கடையச் சாத்தச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டாவ. இப்ப உள்ள படுத்திருக்காவ. இனிமே ஒங்க வீட்டுல செத்தாலும் கை நனைக்க மாட்டேன்னு சொல்லுதாவ."

"நீ?"

மறுமுனையில் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது.

"நான் வருவேன்" என்றாள் தேன்மொழி. "வராம இருந்த மூணு வருசத்துல அப்பா போனாரு. இனிமே யாரு கோவிச்சாலும் நான் வருவேன். அவிய எலைக்குப் பக்கத்துல நிக்கதுக்கு இல்ல, எனக்குத் தனி எலை போடச் சொல்லு."

"அம்மாட்டச் சொல்லுதேன்."

"தம்பி ரொம்ப நொந்து கெடக்கான் ராணி. அவன்கிட்டப் பேசு."

ஒரு கடையில், கால் தரையில் ஊன்றி நிற்கும்போது சொன்ன சொல் அது. காற்றுக் குவித்த சரிவின் உச்சியில், சுற்றிலும் வெண்மையாக இருக்கும்போது, வேறொருவர் முகம் பார்த்து மீண்டும் மௌனமாக மாட்டான் என்பதற்கு அது சான்றாகுமா என்று முத்துராணிக்குத் தெரியவில்லை. அவள் சினம் முற்றும் தணியவும் இல்லை. எனினும், அன்று இலையில் சொல்லாததை அவன் ஆட்கள் நடுவே சொல்லியிருக்கிறான். சொன்னதற்கு விலையும் கொடுத்திருக்கிறான்.

"பேச்சு இப்ப வேண்டாம்" என்றாள். "ஞாயித்துக்கெழம ஆத்துக்கு வரச் சொல்லு. நான் தனியாத்தான் புதைப்பேன். நீ மரத்தடியில வந்து உக்காரு. அவன் தேடட்டும், பாக்கேன்."

"சரி, சொல்லுதேன்."

"செருப்ப வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லு."